தொழில் நிறுவனங்களின் நிலப் பதிவுகளும் நில எடுப்பும் கணினி வழியில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் அதை ஒட்டிய திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் ஆலை, கிடங்கு, அலுவலக வளாகம் ஆகியவற்றுக்காக நிலம் வாங்குகிற நிறுவனங்களின் நிர்வாக, சட்ட, கணக்குப் பிரிவினர் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். பத்திரக் கட்டுகளைப் பிரித்துப் படித்து, ஸ்கேன் செய்து, கணினியில் ஏற்றித் தரும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருவதில் கிடைத்த அனுபவத்திலிருந்தே பதில்களை எழுதியிருக்கிறோம். குறிப்பிட்ட ஒரு சொத்தைப் பற்றி முடிவெடுக்க வழக்கறிஞரின் கருத்துரை அவசியம்.

பட்டாவும் வில்லங்கச் சான்றும் இணையத்திலேயே கிடைக்கின்றனவே, நிறுவனத்துக்கென்று தனியாக ஒரு மென்பொருள் எதற்கு?

அரசுத் தளங்கள் ஒவ்வொன்றும் ஒரு துறையின் பதிவேட்டைக் காட்டுகின்றன. பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை வருவாய்த் துறையின் 'தமிழ்நிலம்' சொல்லும். என்னென்ன பத்திரங்கள் பதிவாகியுள்ளன என்பதைப் பதிவுத் துறையின் தளம் சொல்லும். அந்த இடம் குடியிருப்பு மண்டலமா, தொழில் மண்டலமா என்பதைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட வரைபடம் சொல்லும். இந்த மூன்றும் ஒரே நிலத்தைப் பற்றி ஒரே செய்தியைத்தான் சொல்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது வாங்குபவரின் வேலை. அந்த ஒப்பீட்டைச் செய்து, என்றைக்கு யார் பார்த்தார், அன்று என்ன இருந்தது என்று பதிந்து வைப்பதற்குத்தான் நிறுவனத்துக்குச் சொந்த அமைப்பு வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்று நீங்கள் இறக்கும் பட்டா இன்றைய நிலையைத்தான் காட்டும். நிலம் வாங்கிய நாளில் பட்டா எப்படி இருந்தது என்ற கேள்வி பத்து ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வழக்கில் எழும்போது, அன்று எடுத்து வைத்த நகல் உங்களிடம் இல்லாவிட்டால் பழைய கோப்பைத் தேடி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான நிறுவனங்களில் இந்த விவரமெல்லாம் ஒரு மூத்த அலுவலரின் நினைவில்தான் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் மாதத்தில்தான் எங்களுக்கு அழைப்பு வருகிறது.

பதிவுகளை எதன் அடிப்படையில் அடுக்க வேண்டும்? பத்திர எண்ணா, விற்பவர் பெயரா, திட்டத்தின் பெயரா?

மூன்றும் வேண்டாம். அடிப்படை அலகு, கிராமத்தோடு சேர்ந்த புல எண்ணின், அதாவது சர்வே எண்ணின், கடைசி உட்பிரிவாக இருக்க வேண்டும். ஒரே கிரையப் பத்திரத்தில் ஏழு உட்பிரிவுகள் வரலாம். ஓர் உட்பிரிவைத் துண்டுதுண்டாக நான்கு பத்திரங்களில் வாங்கியிருக்கலாம். பத்திரத்தை அலகாக வைத்துக்கொண்டால், வேலிக்குள் இருக்கும் நிலம் முழுவதும் நம்முடையதுதானா என்ற மிக எளிய கேள்விக்குக்கூட மென்பொருளால் விடை சொல்ல முடியாது.

எண்கள் காலப்போக்கில் மாறுபவை என்பதால், இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமை தேவைப்படுகிறது. 1979இல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யு.டி.ஆர். என்று சொல்கிற திட்டத்தில், கிராமப் பதிவுகள் திருத்தி எழுதப்பட்டன. அதற்கு முந்தைய தாய்ப்பத்திரத்தில் ஓர் எண்ணும், இன்றைய பட்டாவில் வேறோர் எண்ணும் இருப்பது அதனால் சாதாரணம். சென்னை மாநகருக்குள் இது இன்னும் கூடுதல்: பழைய சர்வே எண், ஆர்.எஸ். எண் (மறு நில அளவை எண்), டி.எஸ். எண் (நகர நில அளவை எண்), வார்டு, பிளாக் என்று ஒரே மனைக்கு நான்கைந்து அடையாளங்கள் பத்திரத்தில் வரிசையாக நிற்கும். ஆகவே ஒவ்வோர் உட்பிரிவுக்கும் அதன் பழைய எண்களை, எந்த ஆண்டில் எந்த ஆவணத்தின்படி மாறியது என்ற குறிப்போடு, தனிப் பட்டியலாகச் சேர்த்து வையுங்கள். 214/2 என்பது 214/2ஏ, 214/2பி என்று பிரிந்தால் பழைய வரியை அழித்துவிடாமல், அதிலிருந்து பிரிந்த பிள்ளைகளாகப் புதிய வரிகளைச் சேர்க்க வேண்டும்.

நான்கெல்லை விவரத்தைச் சுருக்காமல், பத்திரத்தில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து தட்டச்சு செய்யுங்கள். 'ஏரி வாய்க்காலுக்குத் தெற்கு, வண்டிப் பாதைக்கு மேற்கு' என்று ஒரு பழைய பத்திரம் சொல்லும். இன்று வாய்க்கால் இருந்த இடத்தில் தார்ச்சாலை ஓடும். அந்தச் சொற்கள்தாம் பிற்பாடு எல்லையைக் கண்டுபிடிக்க உதவும் ஒரே சாட்சியாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறோம்.

எந்தெந்த ஆவணங்களை, எங்கிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும்?

வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் பட்டா, 'அ' பதிவேட்டின் பகுதி, புலத்தின் அளவு வரைபடமான புலப்படம், நகர்ப்புறமானால் நகர நில அளவைப் பதிவேட்டின் பகுதி ஆகியவை கிடைக்கும். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்று, பத்திர நகல், வழிகாட்டி மதிப்பு. கடன் பொறுப்புகளுக்கு, 2011இல் தொடங்கப்பட்ட செர்சாய் என்ற மத்தியப் பதிவகம். விற்பவர் கம்பெனியாக இருந்தால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தின் பொறுப்புப் பதிவேடு. வழக்குகளுக்கு நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளம். இவற்றுள் 'அ' பதிவேட்டைத்தான் பலர் எடுக்காமல் விடுகிறார்கள். நிலம் ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா), அரசு நிலமா, தீர்வை என்கிற நில வரி எவ்வளவு என்பன அதில்தான் இருக்கின்றன.

வில்லங்கச் சான்றில் எதுவும் இல்லை என்று வந்தால் போதாதா?

போதாது. இணையத்தில் பெரும்பாலான சார்பதிவகங்களுக்கு 1975 முதல்தான் வில்லங்க விவரம் கிடைக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு விண்ணப்பித்து, அலுவலகத்தின் கைப்பட எழுதிய பதிவேடுகளைத் தேடச் சொல்ல வேண்டும். மேலும் அந்தச் சான்று பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும். வாய்மொழிப் பாகப்பிரிவினை, பதியாத ஒப்பந்தம், உயில், நிலுவையிலுள்ள வழக்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம்.

நம் நாட்டில் பத்திரப் பதிவு என்பது உரிமைக்கு அரசு தரும் உத்தரவாதம் அன்று. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று சொல்லி, தமிழ்நாடு பதிவு விதிகளின் 55-ஏ விதியில் ஒரு பகுதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாததாக்கியது. பதிவு முடிந்துவிட்டது என்பதற்காக மென்பொருளில் 'உரிமை சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டம் தானாகவே பச்சையாக மாறும்படி அமைத்திருந்தால், அதை உடனே மாற்றச் சொல்லுங்கள். அந்தக் கட்டத்தை ஒரு மனிதர் படித்துப் பார்த்து, தம் பெயரில் கையொப்பமிட்டு மாற்றுவதே முறை.

பரப்பளவில் ஏன் இவ்வளவு பிழை வருகிறது?

பத்திரம் ஏக்கர், சென்ட் என்று பேசுகிறது. பட்டா ஹெக்டேர், ஏர் என்று பேசுகிறது. சென்னைக்குள் விற்பவரும் தரகரும் கிரவுண்டு, சதுர அடி என்று பேசுகிறார்கள். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஓர் ஏர் 100 சதுர மீட்டர்.

பிழை பெரும்பாலும் எங்கே நுழைகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காட்டுகிறோம். பட்டாவில் பரப்புப் பத்தியில் '0 - 4.50' என்று இருக்கும். பொருள்: ஹெக்டேர் ஏதுமில்லை, நான்கரை ஏர், அதாவது 450 சதுர மீட்டர், ஏறத்தாழ 11 சென்ட். அதைத் தட்டச்சு செய்பவர் ஹெக்டேர் என்ற ஒரே கட்டத்தில் 0.45 என்று அடித்துவிடுகிறார். அந்த நொடியே நிலம் 4,500 சதுர மீட்டராக, 111 சென்ட்டாக வளர்ந்துவிடுகிறது. தொகை போடும் அட்டவணையில் இது யார் கண்ணிலும் படாது. தனி வரியைப் பார்த்தால் மட்டுமே தெரியும். ஹெக்டேருக்கு ஒரு கட்டம், ஏருக்கு ஒரு கட்டம் என்று பிரித்து, பத்திரத்தில் உள்ள ஏக்கர் சென்ட்டை மூன்றாவதாகத் தனியே பதிந்து, இரண்டுக்கும் இடையே குறிப்பிட்ட அளவுக்கு மேல் வேறுபாடு வந்தால் அடுத்த திரைக்குப் போகவிடாமல் நிறுத்தும்படி அமைக்க வேண்டும். செலவில்லாத இந்த ஒரு திருத்தம் பல விலையுயர்ந்த வசதிகளைவிட அதிகமாகக் காப்பாற்றியிருக்கிறது.

பட்டாவில் ஐந்து பேர் பெயர் இருக்கிறது. அதை எப்படிப் பதிவது?

ஐந்து பேரையும் தனித்தனி வரிகளாகப் பதிந்து, ஒவ்வொருவருக்கும் பங்கு எவ்வளவு, எந்த ஆவணத்தால் வந்தது, உயிரோடு இருக்கிறாரா, இல்லையென்றால் வாரிசுகள் யார் என்பதை எழுத வேண்டும். 'உரிமையாளர் பெயர்' என்று ஒரே ஒரு கட்டம் உள்ள மென்பொருள் தமிழ்நாட்டு நிலத்துக்கு உதவாது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு நிறுவனம் மூன்று ஏக்கர் வாங்கியது. அண்ணன் தம்பி நால்வரும் கையெழுத்திட்டார்கள், பணமும் கைமாறியது. திருமணமாகி வேறு ஊருக்குப் போன அக்காவைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கணினியில் பதிந்தவரும் 'முதல் நபர் மற்றும் மூவர்' என்று எழுதி முடித்துவிட்டார். அந்த அம்மா பாகம் கேட்டு வழக்குப் போட்டபோது ஆலைக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது. கோப்பை எடுத்துப் பார்த்தோம். குடும்பத்தினர் கொடுத்த வாரிசுச் சான்றின் நகலிலேயே மூன்றாவது வரியில் அவர் பெயர் இருந்தது. ஸ்கேன் செய்து ஏற்றியிருந்தார்கள், யாரும் படிக்கவில்லை.

மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தரும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது. அன்று விலக்கப்பட்டிருந்த, முன்பே மணமான மகள்களையும் 2005இன் மத்தியத் திருத்தம் சேர்த்துக்கொண்டது. எனவே பூர்வீகச் சொத்து என்றால், குடும்ப வரைபடம் முழுதாக வரையப்பட்டு, ஒவ்வொரு மகளின் பெயருக்கு எதிரிலும் விடுதலைப் பத்திரமோ கையெழுத்தோ இருந்தால்தான் முன்பணம் கொடுக்கும் நிலைக்கு மென்பொருள் அனுமதிக்க வேண்டும். இது நிறுவனத்தைக் காப்பதற்காக மட்டும் சொல்லப்படுவதன்று. அந்த அக்காவுக்கு உரியது அவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவும்தான்.

வாங்கக்கூடாத நிலத்தை மென்பொருள் முன்கூட்டியே காட்டிவிடுமா?

ஓரளவுக்கு. ஏரி, குளம், வாய்க்கால் புறம்போக்கு, மேய்க்கால், கோயில் நிலம், வக்பு, பூமிதானம், நிபந்தனையுடன் ஒப்படை செய்யப்பட்ட நிலம் ஆகியவற்றைக் கிராம வாரியாகப் பட்டியலிட்டு, புல எண்ணை உள்ளிட்டதும் எச்சரிக்கும்படி செய்யலாம். ஆனால் பட்டியல் எவ்வளவு முழுமையோ எச்சரிக்கையும் அவ்வளவுதான்.

பஞ்சமி நிலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1892ஆம் ஆண்டு ஆணையின்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒப்படைக்கப்பட்ட, பிற சமூகத்தாருக்கு விற்கத் தடையுள்ள நிலம் அது. பல கைகள் மாறி, இன்றைய பட்டாவில் எந்த அடையாளமும் இல்லாமல் நிற்கக்கூடும். பழைய 'அ' பதிவேட்டின் குறிப்புப் பத்தியில்தான் அது தெரியும். செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் வாங்கும் எவரும் வட்டாட்சியர் அலுவலகத்தில் அந்தப் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகலை வாங்கி, அதன் பக்கத்தையே கணினியில் சேர்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. கோயில் நிலத்தைப் பொறுத்தவரை, 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி ஆணையரின் அனுமதியின்றிச் செய்யப்படும் விற்பனை செல்லாது.

நகருக்குள்ளும் தெற்குப் புறநகரிலும் நீர்நிலை எல்லையைத் தனி அடுக்காக வரைபடத்தில் வைத்திருங்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தளமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அதன் அருகில் வாங்குபவர்கள் பட்டாவைப் பார்த்ததோடு நின்றுவிடக் கூடாது.

புலப்படத்தைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தால் ஏன் பொருந்துவதில்லை?

புலப்படம் ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியாக வரையப்பட்டது. பழையவை அளவுச் சங்கிலியாலும், அதன் கண்ணியான லிங்க் கணக்கிலும் அளந்தவை. அவற்றில் அட்சரேகை, தீர்க்கரேகை இல்லை. கணினியில் மறுபடி வரைந்தாலும், பக்கத்துப் புலங்களோடு விளிம்பு ஒட்டாமல் இடைவெளியோ மேற்படிதலோ வருவது இயல்பு. இந்தியத் துணைக்கண்டத்தையே முக்கோணங்களாக அளந்த பெரும் பணிக்கு 1802இல் அடிக்கோடு போட்டது நம் பரங்கிமலைப் பக்கம்தான். ஆனால் அந்தத் துல்லியம் ஒவ்வொரு வயல் வரப்புக்கும் இறங்கிவரவில்லை.

தீர்வு, தரையில்தான் இருக்கிறது. நில அளவைக் கற்களைத் தேடிப் பிடித்து, டி.ஜி.பி.எஸ். என்ற துல்லியமான செயற்கைக்கோள் இடங்காட்டிக் கருவியால் அவற்றின் ஆயத்தொலைவுகளை எடுத்து, அவற்றுக்குப் புலப்படத்தைப் பொருத்த வேண்டும். வல்லம் அருகே ஒருமுறை மூன்று கற்கள் கிடைத்துவிட்டன, நான்காவதைக் காணவில்லை. சீமைக்கருவேலம் புதரை வெட்டி, முழங்கால் ஆழம் தோண்டிய பிறகு, தலை உடைந்த கல் ஒன்று சாய்ந்து கிடந்தது. அது கிடைத்த பிறகு, திரையில் நேராகத் தெரிந்த வேலி ஒரு முனையில் பக்கத்து நிலத்துக்குள் போயிருப்பது தெரிந்தது. ட்ரோன் படம் நல்ல துணை. ஆனால் அது வேலியைக் காட்டும், எல்லையைக் காட்டாது.

வெளிமாநிலத்தில் செய்த மென்பொருளை அப்படியே பயன்படுத்தலாமா?

கட்டங்களைத் திருத்தாமல் பயன்படுத்த வேண்டாம். மகாராட்டிரத்து முறையில் செய்தவை அங்குள்ள நிலப் பதிவான '7/12' ஆவணத்தையும், வேளாண்மை அல்லாத பயன்பாட்டுக்கான ஆட்சியர் ஆணையையும் கட்டாயமாகக் கேட்கும். இங்கே அந்தப் பெயரில் ஆவணம் இல்லை. நிலப் பயன்பாட்டு மாற்றம் நகரமைப்புச் சட்டத்தின் வழியாக நடக்கிறது. கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் நகராது என்பதற்காக ஊழியர்கள் ஏதோ ஒரு பட்டா நகலை அங்கே ஏற்றிவிடுகிறார்கள்; பிறகு தணிக்கையாளர் அதை நம்பிவிடுகிறார். சென்னைப் பெருநகரப் பகுதி 2022இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டதால், எந்த நிலத்துக்கு எந்தத் திட்ட அமைப்பு என்பதையும் தேதியோடு பதிய வேண்டும்.

அரசு எடுத்துத் தரும் நிலத்தில் நிறுவனத்தின் அமைப்பு எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில், எந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கப்படுகிறது என்பதை. 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, தனியார் கம்பெனிக்காக எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் முன்சம்மதமும், அரசு தனியார் கூட்டுத் திட்டமானால் 70 விழுக்காட்டினரின் முன்சம்மதமும் வேண்டும். சமூகத் தாக்க மதிப்பீடும் வேண்டும். சிப்காட் போன்ற தொழிற்பூங்காக்களுக்குத் தமிழ்நாடு பெரும்பாலும் தன் 1997ஆம் ஆண்டுத் தொழில் நில எடுப்புச் சட்டத்தைப் பயன்படுத்துகிறது. அதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் செல்லாதென்றது. மாநில அரசு அதே ஆண்டு அதற்கு மீண்டும் உயிர் கொடுக்கும் மீட்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்த மீட்புச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021இல் ஏற்றது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்தில் சம்மத விகிதமும் தாக்க மதிப்பீடும் இல்லை. ஆனால் இழப்பீடும் மறுவாழ்வும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் அளவிலேயே தரப்பட வேண்டும்.

இரண்டாவது, தேதிகள். மத்தியச் சட்டத்தில் முதல்நிலை அறிவிக்கையிலிருந்து 12 மாதத்துக்குள் உறுதி அறிவிக்கையும், அதிலிருந்து 12 மாதத்துக்குள் தீர்வமும், அதாவது இழப்பீட்டை முடிவுசெய்யும் ஆணையும், வர வேண்டும். ஆட்சேபம் சொல்ல 60 நாள். இவற்றை ஒவ்வோர் உட்பிரிவுக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டு நினைவூட்டும் வசதியே இந்த அமைப்பின் பெரும்பயன்.

மூன்றாவதை நிறுவனங்கள் கேட்பதில்லை, நாங்களாகவே சொல்கிறோம். நிலம் கொடுத்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் இழப்பீடு கணக்கில் ஏறியதா, நீதிமன்ற வைப்பில் நிற்கிறதா, மரத்துக்கும் கிணற்றுக்கும் மதிப்புப் போட்டார்களா என்பதையும் உங்கள் அமைப்பில் பதியுங்கள். பணம் கொடுப்பது அரசின் வேலைதான். ஆனால் தலைமுறையாக உழுத நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தனி வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடக்கும் பெரியவருக்கு, அவருடைய புல எண்ணுக்கு நேராகக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தமிழில் அச்சிட்டுக் கொடுக்க உங்களால் முடியும் என்றால், அதைச் செய்யாமல் இருப்பதற்கு எந்தக் காரணமும் எங்களுக்குத் தெரியவில்லை.

நில உச்சவரம்பு கம்பெனிகளுக்கும் பொருந்துமா?

பொருந்தும். 1961ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டப்படி 15 தரநிலை ஏக்கர் எல்லை. தொழில் தேவைக்காக அதற்கு மேல் வைத்திருக்க 37-ஏ பிரிவில் அரசின் அனுமதி பெற வேண்டும். தரநிலை ஏக்கர் என்பது நஞ்சை, புஞ்சை, தீர்வை ஆகியவற்றைப் பொறுத்து மாறுவது. ஆகவே அவற்றை உட்பிரிவுதோறும் பதிந்திருந்தால்தான் மொத்தத்தை மென்பொருள் கணக்கிடும். நகர்ப்புற உச்சவரம்புச் சட்டம் 1999இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அதற்கு முன்பே அரசு எடுத்துக்கொண்ட மனைகள் உண்டு என்பதால் சென்னைக்குள் அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விற்பவர்களின் ஆதார் நகல்களை எத்தனை காலம் வைத்திருக்கலாம்?

பதிவு முடிந்த பிறகு தேவையில்லாதவற்றை வைத்திருக்க வேண்டாம். 2023ஆம் ஆண்டுத் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய நகல்களுக்கும் பொருந்தும். தரகரின் வாட்ஸப்பில் சுற்றும் நகல்களும் உங்கள் பொறுப்புதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டோம். காகிதத்தை அழித்துவிடலாமா?

கூடவே கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது. ஆயினும் கையெழுத்தோ கைரேகையோ சந்தேகத்துக்கு உள்ளானால் மூலப் பத்திரம்தான் ஆய்வுக்குப் போகும். வங்கி கடன் தரும்போதும் மூலத்தைத்தான் வாங்கி வைத்துக்கொள்ளும்.

மூலம் எங்கே இருக்கிறது என்பதே கணினிப் பதிவில் முதல் கட்டமாக இருக்கட்டும்: எந்தப் பெட்டகம், எந்த அடுக்கு, எந்த உறை, வங்கியில் என்றால் எந்தக் கிளை, ஒப்படைத்த நாள், ஒப்புகைச் சீட்டின் படம். யாராவது எடுத்துச் சென்றால் பெயர், காரணம், திருப்பித் தரும் நாள். பழைய முத்திரைத்தாள்கள் மடிப்பில் கிழியும் என்பதால் மடிக்காமல், துளையிடாமல், அமிலமில்லாத உறையில் படுக்கவைத்து, தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் இருந்த கட்டுகள் நனைந்துபோன அலுவலகங்களுக்கு, ஈரத்தாள்களை ஒவ்வொன்றாக மின்விசிறிக்குக் கீழே விரித்துப் போடுவதற்காகப் போயிருக்கிறோம்.